குறுக்கே ஒரு பாறை

ஐப்பசி, செவ்வாய் இரவு

ராப்பகலாக நான் செய்துவரும் வீடியோ கேமை இன்று அக்காவிடம் ஆடக் கொடுத்தேன். மலையேறும் ஒரு சிறுமி, சுற்றிலும் மேகம். "ஏலே, அப்படியே நம்ம மேகமலைடா!" என்று பூரித்தாள். பிறகு பாதையைப் பாறை மறித்தது. பக்கத்தில் கிடக்கும் பெட்டியைத் தள்ளிப் போட்டு, ஏறித் தாவ வேண்டும். அக்கா விழுந்துகொண்டே இருந்தாள். சலித்துப்போய்க் கொஞ்ச நேரம் மேகத்தையே பார்த்தாள்.

"இம்புட்டு அழகா வரைஞ்சுட்டுக் குறுக்க எதுக்குடா இந்தச் சனியன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

சுருக்கென்றது. பாறையை எடுத்துவிட்டு நானே ஆடிப் பார்த்தேன். சிறுமி விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டாள். மேகம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அக்கா மேகம் பார்த்தது பாறையால்தான். எழுந்து போனதும் அதனால்தான்.

பாறையைத் திரும்ப வைத்துவிட்டேன். அவளுக்காக உயரத்தை மட்டும் ஒரு சாண் குறைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லப்போவதில்லை.