ஊட்டிய கை

அன்புள்ள அம்மா,

அப்பா தூங்கிவிட்டார். கைபேசி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதனால் போர்வைக்குள் டார்ச் அடித்துக் காகிதத்தில் எழுதுகிறேன். நாளை சியோலுக்கு வேலைக்குப் புறப்படும் எதிர்வீட்டு பொக்சில் சித்தி இதை உன்னிடம் தருவார்.

நீ அனுப்பும் வீடியோக்களில், லீவு நாளில் நீ ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டுவதையும், குளிர்ந்த பீர் குடிப்பதையும் இங்கே சீனாவில், நம் யான்ஜி ஊரில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். எங்கள் குழாயில் தண்ணீர் உறைந்துபோனதை உனக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், சுட்ட இறைச்சியைக் கீரை இலையில் மடித்து ஒரு கை உனக்கு ஊட்டியது. நீ சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாய். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"யாருடி இது?"

"அம்மா வேலை பாக்குற ஓட்டல் முதலாளியம்மாப்பா."

"முதலாளியம்மாவுக்குப் புறங்கையில இம்புட்டு முடியா?" என்று சிரித்தார். சிரித்தபடியே என்னை அறைந்தார். பிறகு, "புத்தாண்டுக்கு வருவால்ல, வரட்டும். நீ ஒண்ணும் சொல்லிராத, கண்ணு" என்றார்.

அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. வீட்டைப் பெருக்குகிறார். உனக்குப் பிடித்த, பனியில் உறையவைத்த பேரிக்காய் வாங்கி வைத்திருக்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். எங்களோடு சாப்பிடும்போது நீ அப்படிச் சிரித்ததே இல்லை.

எப்போது வருவாய் என்று உன்னை நச்சரித்தவள் நான்தான். இப்போது நானே சொல்கிறேன், வராதே. போனில் நான் அழுது கூப்பிட்டாலும் வராதே. அப்போது அவர் என் பக்கத்தில் நின்றிருப்பார்.

உன் மகள்