தெற்குப் பனியைத் தூக்கிய வடக்குத் தண்ணீர்

நண்பரே,

இன்று மாலை ஐந்து ஐம்பதுக்கு மேற்குத் தாம்பரம் கரும்புச்சாறு கடையைக் கடக்கும்போது, ஐஸ் பாளத்தைச் சுற்றிய ஈரக் கோணியின் வாடை வந்தது. நின்றுவிட்டேன். நீங்கள் போய் இன்றோடு நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. "சாவுக்கும் தேதி முத்திரையா சார்?" என்று சிரித்திருப்பீர்கள்.

பிப்ரவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை, இதே கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரயில் பெட்டி ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீங்கள், நூலகத்து அறிவியல் இதழ் எதையும் விட்டதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்ததே தென் துருவப் பனிப்பரப்பு பின்வாங்கியதற்கு ஒரு காரணம் என்றீர்கள்.

நான் ஒப்பவில்லை. அலுவலகப் பதிவறையில், எந்தத் தாள் முதலில் வந்தது என்று பார்த்தே காலம் தள்ளியவன் நான். "பனி உருகினாத்தானே கடல் ஏறும்? பின்னாடி வந்தது முன்னாடி நடந்ததுக்கு எப்படிக் காரணமாகும்?" என்றேன்.

"இன்னா சார் நீங்க, உலகத்துல ஒரே பனிதான் கீதா? வடக்குல இருந்தது கரைஞ்சு கடல் ஏறிச்சு. தெக்கால பனி கடலுக்குள்ள தரை தட்டிக் குந்திகினு இருந்துச்சு. தண்ணி ஒசந்தா தூக்காதா?"

"அவ்வளவு கனத்தையா?"

"முழுசா இல்ல சார், ஓரத்தை. அடியில தண்ணி பூந்தா, அப்புறம் உள்ள உள்ள போகும். தொட்டியில காட்றேன், குந்துங்க."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு பத்துக்கு மாத்திரை. "எழுத்தில் ஆதாரம் கொண்டு வாங்க" என்று எழுந்தேன்.

"ஒரே ஒரு வாட்டி நான் சொன்னது சரின்னு சொல்லிப் பாருங்க சார். வாய் வெந்துடாது."

நான் சொல்லவில்லை. மூன்றே வாரத்தில் உங்கள் மகன் தொலைபேசியில் அழைத்தார்.

இன்று கடைக்கார அம்மாளிடம், மிச்ச ஐஸைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விடச் சொன்னேன்.

"இன்னா சார், கரைஞ்சி பூடுமே! நான் நாளைக்கு வியாபாரம் பண்றதா வாணாமா?" என்று கடிந்துகொண்டே குழாயைத் திறந்தார்.

உடைத்து உடைத்து ஒரு முனை மெலிந்த பாளம் அது. வெகுநேரம் அசையவில்லை. பிறகு அந்த மெலிந்த முனை மட்டும் ஒரு நூலளவு எழும்பியது. விரலை அடியில் விட்டேன். சற்றுமுன் தொட்டியின் தரையை அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. கனத்த முனை அப்போதும் தரையில்தான் இருந்தது.

"அவர் சொன்னது சரி" என்று உரக்கவே சொன்னேன்.

"யாரு, ஷெட்டு அண்ணனா? அவரு சரியாத்தான் சொல்வாரு. நீங்கதான் மல்லுக்கு நிப்பீங்க" என்றார் அந்த அம்மாள். மாத்திரை நேரம் கடந்து எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

வீடு வந்ததிலிருந்து ஒன்று குடைகிறது. தெற்கே உருகியதும் கடலில்தானே சேர்ந்தது? அது வடக்கில் எஞ்சிய பனியின் ஓரத்தையும் போய்த் தூக்கியிருக்குமா? அப்படியானால் எதை முதலில் பதிவது? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரு பக்கமும் நானே வாதாடிப் பார்க்கிறேன். உங்கள் பக்கம் பேசும்போது மட்டும், என்னை நானே "இன்னா சார்" என்று அழைத்துக்கொள்கிறேன்.