முன்மாலை சூடிய சங்குத்துறையும் வாயிலில் நிற்கும் அமைச்சரும்

மழை பொய்யாது பெய்க, ஏரிகள் நிறைக, எறிந்த பந்து கூடையைத் தேடிச் சென்று விழுக.

செவ்வரை நாட்டின் ஏழு ஊர்களையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், கூடைப்பந்துக் களத்தில் ஆண்டுதோறும் முதற்பந்து எறியும் உரிமை உடையவருமான பேரரசி வானவன் செங்கோதை, வேங்கையூர்க் கோமானும் மலைவாயில் காவலரும் நமக்குத் தம்பி முறையினருமான இளந்தத்தருக்கு விடுக்கும் திருமுகம். உம் அரண்மனையும், உம் குடிகளும், உம் யானைகளும், முழங்கால் சுளுக்கிக் கிடக்கும் உம் பெருவீரன் எயினனும் நலம்பெற வாழ்த்துகிறோம்.

நீர் விடுத்த ஓலை வந்தது. எழுத்தாணி பல இடங்களில் ஓலையைக் கிழித்திருந்ததால், உம் சினத்தின் அளவை வாசிக்குமுன்னரே அறிந்தோம். வேங்கையூர்ச் சோற்றில் வளர்ந்த உம் அமைச்சர் பெருஞ்சாத்தனார், சென்ற ஆண்டு உம்மை வீழ்த்திய சங்குத்துறை அணியே இந்தப் பருவத்திலும் வெல்லும் என்று நம் பேரவையில் வாதிட்டார் என்றும், அதோடு நில்லாமல் அவ்வணியின் வீரரைக் கட்டித் தழுவினார் என்றும், ஆகவே பருவம் முடியும்வரை அவர் உம் கோட்டைக்குள் கால் வைக்கலாகாது என்றும் எழுதியிருந்தீர். செய்தி கொண்டுவந்த உம் ஆள் அவை கலையுமுன்னரே குதிரை ஏறிவிட்டான். அவன் பாதி கேட்டான். நீர் அந்தப் பாதிக்கு முழுச் சினம் கொண்டீர். மீதியை நாம் சொல்கிறோம், கேளும்.

ஊதியம் பெற்று ஆடும் ஏழு அணிகளில் எது வெல்லும் என்று பருவத்துக்கு முன் நம் அவையில் வாதிடுவது வழக்கம். அதில் எந்தத் தூதரும் தம் ஊரைப் பற்றி வாய் திறக்கலாகாது. குடத்தில் கைவிட்டு எடுக்கும் ஓலையில் எந்த ஊர் வருகிறதோ, அந்த ஊருக்காகவே பேசவேண்டும். தத்தம் ஊரைப் புகழவிட்டால் அறுவடைவரை பேசித் தீர்ப்பார்கள் என்று அஞ்சி நம் பாட்டனார் செய்த ஏற்பாடு இது. உம் ஊர்த் தூதராக வந்த பெருஞ்சாத்தனார் கைவிட்டார், சங்குத்துறை வந்தது. வேப்பங்காயைக் கடித்தவர்போல் அவர் முகம் போன போக்கை நீர் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் அவர் முணுமுணுத்தார். சங்குத்துறை பரவாயில்லாத அணி என்றார். அதன் வீரன் மழவன் உயரமானவன் என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. பின்பு அவையில் யாரோ, மழவனுக்கு உயரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். ஆட்டம் தெரியாமல் பேசுவதை உம் அமைச்சரால் பொறுக்க முடியாது என்பது உமக்குத் தெரியாததா? மழவனின் சிறப்பு உயரமன்று என்றும், மற்றவர் ஒருமுறை குதித்து மூச்சு வாங்குமுன் அவன் இரண்டாம் முறை குதித்துவிடுகிறான் என்றும் விளக்கினார். அதே அணியின் குள்ளனான பிட்டன், பந்தைக் கொடுக்கும் திசையைப் பார்ப்பதே இல்லை என்றார். சென்ற ஆண்டு அவன் ஆளே இல்லாத மூலைக்குப் பந்தை எறிந்ததையும், எங்கிருந்தோ ஓடிவந்த மழவன் அந்த மூலையில் அதைப் பிடித்ததையும் சொல்லும்போது அவர் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார். அந்தப் பந்து விழுந்தது உம் கூடையில் என்பது அப்போது அவர் நினைவில் இல்லை. பிட்டனின் எறிவைக் காட்டுவதற்காகத் தலைப்பாகையைக் கழற்றிச் சுருட்டி வீசினார்; அது நம் கருவூலத் தலைவரின் மடியில் விழுந்தது. அவையே எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த மகிழ்ச்சியில்தான் தன் அணியோடு அவைக்கு வந்து அருகே நின்ற பிட்டனைத் தழுவினார்.

சங்குத்துறைத் தூதர் வெண்ணாகனாருக்கோ வேங்கையூர் வாய்த்தது. அவர் கெட்டிக்காரர். உம் எயினன் இந்தப் பருவத்தில் மான்போல் துள்ளப்போகிறான் என்று தேனொழுகப் பேசினார். எயினன் கோலூன்றி நடப்பதை நாடே அறியும், அவை சிரித்துவிட்டது. முடிவில் சங்குத்துறையே வெல்லும் என்று தீர்ப்பாயிற்று. வெல்லும் என்று பருவத்துக்கு முன்பே தேர்ந்த அணிக்குரிய முன்மாலையை நாமே அதற்குச் சூட்டினோம்.

இளந்தத்தரே, முன்மாலை சூடிய அணிக்கு என்ன விதி என்பதைச் சற்றே நினைத்துப் பாரும். அவ்வணி பருவத்தின் முற்பாதி முழுவதும் தன் களத்தை விட்டுப் பிற ஊர்க்களங்களுக்குச் சென்றே ஆடவேண்டும். வெண்ணாகனார் உம்மைப் புகழ்ந்து புகழ்ந்து அந்தச் சுமையை உம் தலையில் ஏற்றப் பார்த்தார். அது அவர் தலையிலேயே வந்து உட்கார்ந்தது. சங்குத்துறை தன் முதல் ஆட்டத்துக்கு உம் ஊருக்கு வருகிறது. உம் முரசு, உம் மக்கள், உம் களம்.

தூதர் அனைவரும் பெருஞ்சாத்தனாரைச் சூழ்ந்துகொண்டு, இப்படியொரு சூழ்ச்சியைக் கண்டதில்லை என்று கொண்டாடினர். நாமும் அவரை அழைத்து, உம் ஓலையைக் காட்டி, இது சூழ்ச்சிதானா என்று கேட்டோம். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் மாலையும் மரியாதையுமாக உம் ஊர் திரும்பியிருப்பார். அவரோ நாக்கைக் கடித்துக்கொண்டு, பேச்சு வேகத்தில் முன்மாலை என்றொன்று இருப்பதையே மறந்துவிட்டதாகச் சொன்னார். தம்மால் சங்குத்துறைச் சிறுவர்கள் பாதிப் பருவம் தங்கள் அணியைக் காண முடியாமல் போயிற்றே என்று வெண்ணாகனாரிடம் மன்னிப்பும் கேட்டார். சினத்தில் நீர் மறந்தீர். மகிழ்ச்சியில் அவர் மறந்தார். இருவரும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவர்கள் என்பது நன்றாகத் தெரிகிறது.

அன்று விருந்தில் உம் அமைச்சரும் வெண்ணாகனாரும் அருகருகே அமர்ந்தனர். இலையில் அதிரசத்தை மழவனாகவும் வடையை உம் வீரருள் ஒருவனாகவும் நிறுத்தி, இம்முறை மழவனை எப்படித் தடுப்பது என்று உம் அமைச்சர் காட்டத் தொடங்கினார். வாதத்தில் தோற்கப்போவதை உணர்ந்த வெண்ணாகனார் மழவனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நாம் அரியணையின் மாண்பை மறந்து சிரித்தோம். ஆனால் விடைபெறும்போது உம் அமைச்சர் கண் கலங்கினார். பதவி போனால் போகட்டும், முதல் ஆட்டத்தைச் சுவருக்கு வெளியே நின்று காதால் கேட்கும்படி ஆயிற்றே என்றார். அதைக் கேட்டு நமக்கும் மனம் தாங்கவில்லை.

ஆகவே நம் ஆணை இது. பெருஞ்சாத்தனார் தம் பதவியில் குறைவின்றி இருப்பாராக. வரும் முழுமதி நாளில் முதல் ஆட்டத்தின்போது அவர் உமக்கு வலப்புறம், களம் முழுதும் தெரியும் இடத்தில் அமர்வாராக. மழவனைத் தடுக்கும் வழியை உம் வீரருக்கு அவரே கூறுவாராக. இவ்வாணையை மீறுவோர் பருவம் முழுவதும் களஞ்சியத்தில் நெல் அளப்பார்கள். கூடையும் பிறையும் பொறித்த நம் இலச்சினை இட்டோம்.

முத்திரைக்குக் கீழே நம் கையால் எழுதுவது: இவ்வோலையைக் கொண்டுவந்து உம் வாயிலில் நிற்பவர் அவரே. இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உள்ளே உம் வீரர் பந்து தட்டும் ஓசை அவர் காதில் விழுந்துகொண்டிருக்கும். ஓலையைச் சுருட்டுமுன் கதவைத் திறக்கச் சொல்லும். எந்த அணி வெல்லும் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர். உண்மையைச் சொல்லிவிடுவார்.