காலையில் கொடுத்தால் மாலையில்

ஜூன் 3

அன்பும் அவ்வப்போது குட்டும் தந்து வளர்த்த அக்காவுக்கு,

உலகத்தாருக்கும், அதில் முக்கியமாக உனக்கும், மிகுந்த பணிவோடு தெரிவிப்பது: நேற்று மாலை என் வெள்ளைச் சட்டைக்கு ஒரு பொத்தான் பிறந்தது. சட்டையும் பொத்தானும் நலம். பிறந்த இடம், நம் சலவைக் கடைக்கு எதிரே புதிதாக முளைத்திருக்கும் இன்னொரு சலவைக் கடை.

ஆமாம், உளவு பார்க்கத்தான் போனேன். நீ அங்கே ஒரு கம்பெனிக்காக இன்னொரு கம்பெனியை மோப்பம் பிடித்துச் சம்பளம் வாங்குகிறாய். நான் அதையே இலவசமாகச் செய்கிறேன். நம் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்ப்பக்கம் போவதை அப்பா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதுதான் தாங்கவில்லை. போன மாதமே, அப்பா பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுத் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, யாரோ போலப் போய்க் கொடுத்தேன். இப்போது அங்கே நான் நிரந்தர வாடிக்கை.

அறிக்கை இதோ. காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கிறது. மடிப்பில் விரல் பட்டால் விரல் அறுந்துவிடும். விழுந்த பொத்தானைக் கேட்காமலே தைக்கிறார்கள். கல்லாவில் இருக்கும் கடைக்காரம்மாவுக்கு என் மேல் துளிச் சந்தேகம் இல்லை. இஸ்திரியின் சரித்திரத்தில் என்னைப் போல் ஓர் ஒற்றன் பிறந்ததில்லை.

இதையெல்லாம் பள்ளியில் பேசிக்கொள்கிறார்கள் என்று அப்பாவிடம் அவிழ்த்துவிட்டேன். மறுநாளே நம் வாசலில் ‘காலையில் கொடுத்தால் மாலையில்’ என்று பலகை ஏறிவிட்டது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் தபால். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
கண்ணுக்கே தெரியாத உன் தம்பி


ஜூன் 11

என் வாலுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அன்று மாலையே அம்மா போன் செய்தாள். அப்பா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குகிறாராம். மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாராம். யாருடைய கால்சட்டையையோ கருக்கிவிட்டு, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாராம். “இப்படியே போனா மனுஷன் படுத்துருவார்டி” என்றாள். பலகை யாரால் ஏறியது என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நீ நினைப்பது போல் இது குஷியான வேலை இல்லைடா. நாள் முழுக்கக் கடை கடையாகப் போன் போடுகிறேன். ஒரு தடவை ஆஸ்பத்திரி மேலாளர், ஒரு தடவை காண்ட்ராக்டர் மனைவி என்று சொல்லி விலை கேட்கிறேன். எதிர்முனையில் இருப்பவர்கள் அதை நம்பி அக்கறையாகப் பதில் சொல்கிறார்கள். அறைக்குத் திரும்பினால் என் சொந்தக் குரலில் பேசக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரே ஆள் பார்த்து வந்ததை நாங்கள் அறிக்கையில் சேர்ப்பதில்லை. சம்பந்தமே இல்லாத இன்னொருவரை அனுப்பிப் பார்ப்போம். உன் வகுப்புப் பையன் யாராவது தன் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். என்ன ஆனது என்று எழுது. அதுவரை அப்பாவோடு நின்று துணியை மடித்துக் கொடு. வாய்க்கு நிறைய வேலை கொடுத்துவிட்டாய், கைக்கும் கொஞ்சம் கொடு.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

என் பெஞ்சுக்காரனை அனுப்பினேன். அவனை ஊரில் யாருக்கும் தெரியாது. அவன் வீட்டிலேயே சில சமயம் தெரியாது. சட்டை திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. மடிப்பு கோணல். போன பொத்தான் போனதுதான்.

நேரே எதிர்க்கடைக்குப் போய், என் துணிக்கு மட்டும் ஏன் இந்த ராஜ மரியாதை என்று கேட்டேன். கடைக்காரம்மா எழுந்து வந்து என் காலரைத் திருப்பிக் காட்டினார். வாடிக்கையாளர் துணியில் அப்பா அழியாத மையில் எண் போடுவார், இல்லையா? நம் துணி அதோடு கலந்துவிடக் கூடாது என்று, அதில் மட்டும் ‘வீடு’ என்று எழுதிவிடுவார். பிறந்ததிலிருந்து அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் திரிகிறேன். கண்ணில் பட்டதே இல்லை. நம் வாடிக்கையாளர் துணியில் அதே கையெழுத்தில் எண்ணைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உடனே பட்டுவிட்டது.

“நீ கொண்டு வர்றதை மட்டும் எங்க வீட்டுக்காரர் மத்த வேலையைத் தள்ளி வச்சுட்டு அவரே பண்ணுவார் தம்பி. தொழில் தெரிஞ்ச மனுஷன் பார்வைக்குப் போற துணி, பேர் கெட்டுறக் கூடாதுல்ல” என்றார்.

மற்றவர்கள் அங்கே போனதெல்லாம் புதுக் கடைத் தள்ளுபடிக்காகத்தானாம். இப்போது நம் பலகையைப் பார்த்து அவர் கணவருக்கும் தூக்கம் போய்விட்டதாம். மறுநாளே அவர்களும் அதே மாதிரி பலகை மாட்டுவதாக இருந்தார்களாம். உள்ளே அந்த மனிதர் இடுப்பில் கையை ஊன்றி, நிமிர முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை எட்டாத தூரத்தில் நின்றுதான். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்தார்.

“அப்போ இத்தனை நாளும் நான் யார்கூடடா போட்டி போட்டேன்?”

நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

எழுந்து தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குள் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது, ஒற்றனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்து நம் பலகையைக் கழற்றினார். எதிரேயும் ஏறவில்லை. இப்போது உள்ளே படுத்துத் தூங்குகிறார். வருகிறவர்களிடம் “நாளை மறுநாள் வாங்க” என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் மட்டும் முறைத்தார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே. துளிச் சந்தேகம் இல்லை என்று பீற்றினேனே, காலரில் அந்த எழுத்து இல்லாமல் இருந்திருந்தாலும் மாட்டியிருப்பேன். முதல் நாள் பையை வைத்ததுமே கடைக்காரம்மா, “அப்பா நல்லா இருக்காரா தம்பி?” என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்பதுதான் என்று நினைத்து நானும் மரியாதையாகச் சொன்னேன்: “நல்லா இருக்கார். எதிர்க்கடையிலதான் இருக்கார், கூப்பிடவா?”

தம்பி