மீட்டர் சொல்லாதது

மைனி,

இன்றும் பிள்ளையைக் குளிப்பாட்டும் முன், கரண்டு கசிந்தால் தானே விழுந்து காப்பாற்றும் அந்தச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினேன். டக்கென்று விழுந்தது. ஃபேன் நின்றதும் பிள்ளை கைதட்டினாள். அவளுக்கு இது விளையாட்டு. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோவேன்.

அம்மா இல்லாத எனக்குப் பேறுகாலம் பார்த்தது அண்ணன் மனைவியான நீங்கள்தான். அந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் இதே மாதிரிச் சுவிட்ச் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. ஃபேன் நின்றால் பிள்ளை வீறிடுவாள். நான் தூங்கியே பல நாளாகியிருந்தது. அப்போதுதான் கரண்டை மிச்சம்பிடிக்கும் பெட்டியோடு அவன் வந்தான். கழுத்தில் அட்டை. வாயில், நுகர்வோரான நம்மை 'உபபோக்தாவு' என்று கூப்பிடும் அச்சடித்த மலையாளம். உங்கள் ஊரான பாறசாலைப் பக்கம் அந்த மலையாளத்தைக் கேட்டாலே நம் தமிழ் தொண்டைக்குள் போய்விடும். கரண்டாபீஸ்காரன் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவன் அப்படிச் சொல்லவேயில்லை.

நீங்கள் தமிழிலேயே பேசினீர்கள். "எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒத்த ஃபேன மட்டும் போடும் தம்பி. பெட்டி இல்லாம ஒரு மணிக்கூறு, பெட்டியோட ஒரு மணிக்கூறு. மீட்டர் சொல்லட்டு."

அவன் சிரித்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. "மைனி, ஆபீஸ்காரங்ககிட்ட இப்பிடியா பேசுகது?"

"மலையாளம் நல்லா பேசினா ஆபீஸ்காரனாக்கும்? காலேஜில என்னத்தப் படிச்ச மக்கா?" என்றுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டீர்கள்.

பிறகுதான் அவன் சொன்னான்: பெட்டி மாட்டினால் இந்தச் சுவிட்ச் தேவையில்லை, அதுதான் கரண்டைத் தின்கிறது, கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம். இனி ஃபேன் நிற்காது என்பது மட்டும் என் காதில் விழுந்தது. தலையாட்டினேன். சுவிட்சைக் கழற்றி நேராக இணைத்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

பத்து நாள் ஃபேன் நிற்கவில்லை. பிள்ளை தூங்கினாள், நானும் தூங்கினேன். அதற்கடுத்த நாள் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. வெளியே தூறல்.

"நீ பிள்ளைய எறக்காத. நான் மோட்டர் போட்டிட்டு வாறேன்."

கிணற்றடியில் இரும்புக் குழாயைப் பிடித்தபடியே கிடந்தீர்கள்.

அந்தச் சுவிட்ச் இருந்திருந்தால் உடனே விழுந்திருக்கும் என்றார் பிறகு வந்து பார்த்த வயர்மேன். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். இப்போதும் ஞாயிறுதோறும் திருப்புறத்தில் என் வீட்டுக்கு வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதையேதான் கேட்கிறான்: "எல்லாரையும் சந்தேகப்படுகவ. சுவிட்ச கழத்துகதுக்கு மட்டும் எப்பிடி சம்மதிச்சா?"

நான் தேநீர் போட எழுந்துவிடுகிறேன்.

இப்போது யார் எதை விற்க வந்தாலும் உங்களைப் போலத்தான் கேட்கிறேன். மீட்டர் சொல்லட்டும் என்கிறேன். அது யூனிட்டைச் சொல்லும், மைனி. தலையாட்டியது யாரென்று சொல்லாது. அதை நான்தான் சொல்லவேண்டும். நாளை ஞாயிறு.