இடது கோட்டிலிருந்து வந்த குரல்

அண்ணா,

இன்று காலை ஷிஃப்ட் தொடங்கும் முன், விமான நிலையத்தின் ஊழியர் அறையில் ஷூ மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் பெட்டி ஏற்றும் ஆள் ஒருவர் கணுக்காலில் வலி ஸ்பிரே அடித்தார். சில்லென்று மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும் அந்த வாசனை. லேஸ் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "க்யா ஹுவா, மேடம்?" என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். பின்கதவு திறந்து நின்ற உங்கள் பழைய வெள்ளைக் கார் என் கண் முன்னால் வந்து நின்றதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போன பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது முதுகு சிலிர்க்கிறது. தெரியாது என்றால் நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் துவாரகா செக்டருக்குப் பின்னால், மெட்ரோ பாலத்தை ஒட்டிய மைதானத்தில்தான் உங்களை முதலில் பார்த்தேன். பெண் பிள்ளைகளின் கால்பந்து கிளப்பில் என் மகள் யாழினியைச் சேர்த்த முதல் ஞாயிறு அது. அவளுக்குப் பதினொன்று, உங்கள் மகள் அபிக்குப் பன்னிரண்டு. நெற்றியில் மலை மந்திர் கோயில் விபூதியும் கையில் ஒரு தூக்குச்சட்டியும் வைத்துக்கொண்டு ஆர்.கே.புரத்திலிருந்து வந்திருந்தீர்கள். நான் யாழினியிடம் தமிழில் பேசுவது கேட்டுத் திரும்பினீர்கள். "எந்த ஊரும்மா?" என்றீர்கள். திருச்சி என்றேன். "நான் தேனிப் பக்கம்" என்று சொல்லி, சட்டியைத் திறந்து சுண்டலை நீட்டினீர்கள். இருபது பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தீர்கள்.

பெற்றோர் எல்லோரும் சாலைப் பக்கம் கட்டிய கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், உள்ளே பார்த்துக் கத்தக் கூடாது என்பது பயிற்சியாளர் ரேணு மேடத்தின் சட்டம். நீங்கள் ஒரு நாளும் கயிற்றுக்குப் பின்னால் நின்றதில்லை. அபி இடது ஓரத்தில் ஆடுகிறவள். முதல் பாதியில் அந்த ஓரம் எதிர்ப்பக்கம், கருவேல மரங்களை ஒட்டி இருக்கும். நீங்கள் அங்கே போய் நிற்பீர்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறியதும் கோல் கம்பத்துக்குப் பின்னால் அரை ஓட்டமாக ஓடி எங்கள் பக்கம் வந்துவிடுவீர்கள். அவள் எங்கே ஓடினாலும் உங்கள் குரல் பக்கத்திலேயே ஓடும். "லைன், அபி. லைன விடாத." ஓரக் கோட்டை விட்டு விலகாதே என்று நீங்கள் சொல்வதை எத்தனை ஞாயிறுகள் கேட்டிருப்பேன்.

ரேணு மேடம் பல முறை சொல்லிப் பார்த்தார். "அச்சா மேடம், அச்சா" என்பீர்கள். அடுத்த வாரமும் அங்கேதான் நிற்பீர்கள்.

ஒரு முறை நானே கேட்டேன், பிள்ளையை எதற்கு இப்படி விரட்டுகிறீர்கள் என்று. செல்போனில் அவள் ஆட்டத்தைப் படம்பிடித்து, பிடித்ததை அவளுக்கே ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமல் சொன்னீர்கள்: "முப்பது வருஷமா கவர்மெண்ட் ஆபீஸ்ல ஒரே செக்‌ஷன்ல இருக்கேம்மா. லிஃப்ட்ல பாத்தா ஆபீசருக்கு எம் பேரு தெரியாது. இந்த ஊர்ல நம்மள யாரும் தானாப் பாக்க மாட்டாக. நாமதான் பாக்க வைக்கணும்." அன்று அது எனக்கு நியாயமாகப் பட்டது. அடுத்த வாரத்திலிருந்து நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யாழ், முன்னாடி போ" என்று கத்த ஆரம்பித்தேன்.

இப்போது அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். அபிக்குப் பதினைந்து வயது. மாநில அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு பேர் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. நான் சீக்கிரமே வந்துவிட்டேன். பாலத்துக்கடியில் உங்கள் கார் நின்றது. பின்சீட்டில் அபி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. நீங்கள் ஸ்பிரே அடித்து, பேண்டேஜைச் சுற்றி, அதன் மேல் நீளமான சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தீர்கள். "லேசாப் பெரண்டுருச்சும்மா. ஸ்கூல்ல. மேடம் காதுல விழுந்தா உக்கார வச்சிருவாங்க. நீங்க பாக்கலன்னு வச்சுக்கங்க."

நான் அபியைப் பார்க்கவில்லை. உங்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "சரிண்ணா" என்றேன்.

அந்தச் 'சரி'யை நான் உங்களுக்காகச் சொன்னதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். அபி இடது ஓரத்திலிருந்து தூக்கிப் போடும் பந்தில்தான் என் மகள் கோல் அடிப்பாள். அபி ஆடாவிட்டால் யாழினியை யார் கவனிப்பார்கள்? என் மனதில் ஓடியது அவ்வளவுதான்.

நான் நினைத்தது போலவே நடந்தது. பத்தாவது நிமிடத்தில் அபி பந்தைத் தூக்கிப் போட்டாள், யாழினி தலையால் முட்டி உள்ளே தள்ளினாள். நான் குதித்துக் கைதட்டினேன். அதற்குச் சற்று நேரம் கழித்து அபி ஓட்டத்தை நிறுத்தி, எதிர்ப்பக்கம் நின்ற உங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. உங்கள் பதில் மட்டும் மைதானம் தாண்டிக் கேட்டது. "லைன், அபி. லைன விடாத." அவள் மறுபடி ஓடினாள். அடுத்த திருப்பத்தில் விழுந்தாள். குச்சி ஒடிந்த மாதிரி சத்தம் வந்தது என்று யாழினி பிறகு சொன்னாள்.

யாழினியைத் தேர்வு முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அபிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. இனி ஓடும் ஆட்டம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தாவது முடித்ததும் கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். போனில் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. முதலில் எல்லோரும் பாவம் என்றார்கள். கருவேல மரங்கள் பக்கம் போய் நின்றுகொண்டு, "லைன், அபி" என்று கூப்பிட ஆரம்பித்தபோதுதான் பேச்சு நின்றது. அப்போது இடது ஓரத்தில் ஆடியவள் கோமல், நஜஃப்கட் பக்கத்துப் பெண். உங்கள் கண் அவள் மேல் விழவே இல்லை. அவளுக்கு இரண்டடி தள்ளி, யாரும் இல்லாத புல்லின் மேல் உங்கள் பார்வை ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளையில் வழக்கம் போலக் கம்பத்துக்குப் பின்னால் ஓடி எங்கள் பக்கம் வந்தீர்கள்.

நான் மெல்லக் கேட்டேன். "யாரண்ணா கூப்புடுறீங்க?"

"அபியத்தேன்."

"அபி கோயம்புத்தூர்ல இருக்கா, அண்ணா."

"தெரியும்மா" என்றீர்கள், மிக நிதானமாக. "நான் சத்தம் குடுக்கலேன்னா அவ லைன விட்டுருவா."

காரில் பார்த்ததைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்த நீங்கள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அபி விமானத்தில் வந்து, காரியம் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனாள். புகைமூட்டத்தால் ஊரே மூச்சுத் திணறிய நாட்கள் அவை. மைதானத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஜனவரியில்தான் திறந்தார்கள். முதல் ஞாயிறே பனி. கயிற்றருகே நின்றால் நடுவட்டம் வரைதான் தெரியும். அதற்கு அப்பால் பிள்ளைகள் வெள்ளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு, பந்து உதைபடும் சத்தத்தை வைத்தே ஆட்டம் எங்கே நடக்கிறதென்று ஊகித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டது. சத்தமாக இல்லை. தொண்டையைச் செருமிவிட்டு நீங்கள் எப்போதும் தொடங்குவது போலத்தான். "லைன், அபி."

என் பக்கத்தில் நின்ற சர்தார்ஜி கையிலிருந்த டீயைக் குடிக்காமல் நிறுத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் கோமல் பனிக்குள்ளிருந்து ஓடி வந்து ரேணு மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், உதர் அங்கிள் ஹை." அங்கே அங்கிள் இருக்கிறார். ரேணு மேடம் விசிலை ஊதிவிட்டு மரங்கள் வரை நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, யாரும் இல்லை என்றார்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. இனி இடது ஓரம் எங்கள் பக்கம் வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும். கயிற்றருகே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு எல்லோரும் நகர்ந்து நின்றார்கள். ஆட்டம் தொடங்கியது. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஈரப் புல்லில் யாரோ அரை ஓட்டமாக வரும் சத்தம் கேட்டது. பிறகு என் இடது தோளுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, "லைன விடாத."

நான் திரும்பவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தேன். நான்தான் அறியாமல் கத்துகிறேனோ என்ற சந்தேகம் எனக்கு. கைக்குள் என் உதடு அசையவில்லை, அண்ணா.

வீட்டுக்குப் போகும் வழியில் யாழினி சொன்னாள். "அம்மா, அபி தீதியோட அப்பா ஆவாஸ் கேட்டுச்சு, அதே குரல். நான் பந்த லெஃப்ட்ல போட்டுட்டேன். அங்க கோமல் இல்ல. ஆனா பந்து ரிட்டன் வந்துச்சு."

உங்கள் அலுவலகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் மாதக் கடைசியில் அபி மறுபடி வந்தாள். அவளிடம் யார் சொன்னார்களோ. சனிக்கிழமை போன் செய்து, "ஆன்ட்டி, நாளைக்கு கிரவுண்டுக்கு வரேன். நீங்க கூட நிக்கிறீங்களா?" என்றாள்.

அன்றும் பனி. லேசாகக் கால் சாய்த்து நடந்து நேரே கருவேல மரங்கள் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எங்களுக்கு நாலடி தள்ளி, அந்தச் செருமல். "லைன், அபி."

அவள் பயப்படவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பினாள். அடுத்த வீட்டு ஜன்னலில் நிற்பவரிடம் பேசுவது போல, சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, வலிக்குது."

பந்துச் சத்தம் கேட்டது. பாலத்தில் மெட்ரோ போனது.

"அன்னிக்கும் இதத்தான்ப்பா சொன்னேன்."

வெகுநேரம் நின்றோம். எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அந்த மைதானத்தில் யாருமே உங்கள் குரலைக் கேட்கவில்லை, அண்ணா. கோமல் இப்போது மரங்களை ஒட்டித் தைரியமாக ஓடுகிறாள்.

திரும்பி நடக்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. "அபி, அன்னைக்குக் கார்ல... நான் பாத்தேன்டா. மேடம்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி" என்றாள். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் ஓடிட்டே இருந்தேன். எப்ப விசில் ஊதுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். உங்களை அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. என்னைப் பற்றியும் கேட்கவில்லை.

போன மாதம் அரையிறுதி ஆட்டம். ஷூ மாட்டும்போது யாழினி, "அம்மா, தொடை புடிச்சுக்குது" என்றாள். மறுபடியும் யாரோ பார்க்க வந்திருந்தார்கள். ரேணு மேடம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார். நான் நடந்து போய்ச் சொன்னேன். யாழினியை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம் அணி தோற்றது.

இதைக் கேட்டால் நீங்கள் நிம்மதிப்படுவீர்கள் என்று எழுதவில்லை. மைதானத்தைக் கடந்து நடந்த அந்த இருநூறு அடியும் எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே வந்தது: லேசான பிடிப்புதானே, முதல் பாதி மட்டும் ஆடட்டுமே, பார்க்க வந்திருக்கிறார்களே. செருமிவிட்டுத்தான் தொடங்கியது, அண்ணா. மைதானத்திலிருந்து நீங்கள் எங்கே போனீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஞாயிறுதோறும் அந்தக் குரலோடுதான் போய் நிற்கிறேன், வாயை மட்டும் திறக்காமல்.