ஒன்றுக்கு மூன்று

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

அலுவலகத்தில், நம் நாட்டுப் பணத்துக்கும் இந்த நாட்டுக்காரர்கள் பணத்துக்கும் அறுபது வருட மாற்று விலையைக் கணினியில் ஏற்றுகிறேன். இன்று நம்முடையது இருபது கொடுத்தால்தான் இவர்களுடையது ஒன்று கிடைக்கும். முதல் வருடத்திலோ நம்முடையது ஒன்றுக்கு இவர்களுடையது மூன்று! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தலைகீழா போட்டிருக்க? ஊருக்கு டிக்கெட் போட்டுடட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கிருந்துதான் குரல் வந்ததோ, "இல்ல சார், அப்ப அப்படித்தான் இருந்திருக்கு" என்றேன்.

நான் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்த பழைய வங்கி அறிக்கையை வாங்கிப் பார்த்த மேலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. "எங்க தாத்தா உங்க நாட்டுக்குத்தான் மூட்டை தூக்கப் போனாரு. ஏன் போனாருன்னு இப்பதான் புரியுது" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இவர்கள் நம்மிடம் பிழைக்க வந்தார்களா அப்பா! இன்னும் நம்ப முடியவில்லை.

கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் வரவில்லை. நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். அப்போது வந்தவர்களை நம் ஆட்கள் எப்படி நடத்தினார்கள் என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். நல்லபடியாக நடத்தியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்